வெளியூர் மாப்பிள்ளை: ராஜபாளையம் நாய்க்கு ஓர் ஆண் தேடிய கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமா ஒருவர் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். வியாபாரமெல்லாம் இல்லை. தென்னந்தோப்புக் காவலுக்கு என்று தாத்தா காலத்தில் ஆரம்பித்தது, இன்றுவரை தொடர்கிறது. மூன்று பெட்டை, ஒரு வயசான ஆண். போன வருஷம் ஒருநாள் போன் வந்தது.

"மாப்ளே, எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்திருக்க? நம்ம வீட்டுக்கு ஒரு நல்ல ஆண் நாய் பாரு. பால் வெள்ளையா இருக்கணும். மூக்கு ரோஸ் கலர். உடம்புல ஒரு பொட்டு கறுப்பு இருக்கக் கூடாது."

ஏன் இப்போது புது ஆண் என்று கேட்டேன். கடைசி ஈத்தில் ஆறு குட்டி. பின்பக்கம் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால் நாலு குட்டி துள்ளி எழுகிறது, இரண்டு அப்படியே தூங்குகிறது. செவிடு. "அப்பனுக்கு வயசாயிருச்சு, அதான் குட்டி சரியில்ல" என்பது மாமாவின் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு இடித்தது. மூன்று பெட்டைகளில் இரண்டு அந்தக் கிழவனின் சொந்த மகள்கள். அந்த ஈத்தைப் போட்டதும் ஒரு மகள்தான்.

அந்த ஒரு போனில் இருந்து கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை. நாய் தேட ஆரம்பித்து வரலாற்றில் போய் மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு வெளியே இருந்து ஓர் ஆணைக் கொண்டுவருவதை யார் முடிவு செய்வது, எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதிலேயே இந்த இனத்தின் கதை முக்கால்வாசி அடங்கிவிடுகிறது.

முதலில் ஊர்க்கதை. ராஜபாளையம் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. விஜயநகர காலத்தில் தெற்கே வந்து குடியேறியதாகச் சொல்லப்படும், தெலுங்கு பேசும் ராஜுக்களின் பாளையம். அவர்கள் வளர்த்த நாய் ராஜபாளையம் நாய். இதோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்களின் வேட்டைப் புத்தகங்களில் 'பாலிகர்' நாய் என்று ஒன்று வரும். பாலிகர் என்றால் பாளையக்காரர். உடனே அதுதான் ராஜபாளையம் என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் 72 என்பது மரபாகச் சொல்லும் கணக்கு. எந்தப் பாளையக்காரர் வீட்டு நாய் என்று தெரியாமல், எல்லாவற்றையும் நம்மூர்க் கணக்கில் வரவு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்டிஷ் குதிரைப்படை மேல் இந்த நாய்கள் பாய்ந்தன என்பதும் அதே ரகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. பாளையக்காரருக்கு நாய் என்பது காவலும் வேட்டையும் சேர்ந்த ஒரு வேலை. மேற்கே பார்த்தால் மலை. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று 2021-ல் அறிவிக்கப்பட்ட அதே காடு. அங்கிருந்து காட்டுப்பன்றி இறங்கி வயலை உழுதுபோடும். பன்றியை விரட்டிப் பிடிக்க நீளக்கால், ஆழமான நெஞ்சு, பார்வையாலேயே இரையைத் துரத்தும் குணம் எல்லாம் வேண்டும். பன்றியிடம் கிழிபட்டு வராத நாய் நல்ல நாய். காது கேட்காத நாய் பக்கத்துப் புதரில் உறுமுவது தெரியாமல் அங்கேயே செத்துப்போகும், அதற்கு அடுத்த தலைமுறை கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், யார் அப்பா ஆகலாம் என்பதில் பாதியைக் காடே தீர்மானித்தது.

1801-ல் பாளையக்காரர்களின் கதை முடிந்தது. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் விழுந்த பிறகு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி அறிவித்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. மிஞ்சியவர்கள் ஜமீன்தார் ஆனார்கள். வாளையும் வேலையும் ஒப்படைக்கச் சொன்னவர்கள் நாயை ஒப்படைக்கச் சொல்லவில்லை. இது என் ஊகம்தான், இருந்தாலும் ஜமீன் காலத்தில் நாய்க்கு மவுசு குறையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அரண்மனைக்கு நாய் என்பது அந்தஸ்து. அதைப் பார்த்துக்கொள்ளவே ஆள் இருப்பான், எந்த நாயை எதோடு சேர்க்கலாம் என்பது அவன் மண்டைக்குள் இருக்கும்.

அடுத்த வெட்டு 1948. சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன்கள் போயின. பெரிய கூட்டமாக நாய் வைத்துக்கொள்ள வசதியுள்ள வீடுகள் சுருங்கின. மூன்றாவது வெட்டு 1972, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை குற்றமானது. ஆகவேண்டிய சட்டம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த நாளோடு இந்த நாயின் பழைய பரீட்சை ரத்தானது. படித்துப் பாஸ் ஆகவேண்டிய பாடத்தை எடுத்துவிட்டு, இனி கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று சொன்ன மாதிரி.

அந்தக் கையெழுத்துதான் வெள்ளை.

ராஜபாளையம் குட்டிகள் எல்லாம் வெள்ளையாகப் பிறப்பதில்லை. காதில் பழுப்பு, முதுகில் கறுப்புத் திட்டு, சில சமயம் முழுசாகவே நிறத்தோடு வரும். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் உயர்வு என்று ஆனதும் மற்ற குட்டிகளை என்ன செய்தார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதிவைக்க விரும்புவதில்லை. பிறந்த அன்றே கழித்துக்கட்டினார்கள். பெட்டையால் அத்தனைக்கும் பால் கொடுக்க முடியாது என்று ஒரு நியாயமும் சொல்வார்கள்.

இப்போது காதுக்கு வருவோம். நிறமிச் செல்களுக்குத் தோலுக்கும் முடிக்கும் சாயம் பூசுவது மட்டும் வேலை இல்லை. கரு வளரும்போது முதுகெலும்பு உருவாகும் பகுதியில் இருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவுகிற இந்தச் செல்களில் கொஞ்சம் உட்காதுக்குள்ளும் போய்க் குடியேறும். ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்களுக்கு வேண்டிய ரசாயனச் சூழலைப் பார்த்துக்கொள்வது அவைதான். உடம்பை முழு வெள்ளையாக்கும் சில மரபணுக்கள் இந்தச் செல்களின் பயணத்தையே குறைத்துவிடுகின்றன. காதுக்குப் போய்ச்சேரவில்லை என்றால், குட்டி பிறந்து சில வாரங்களிலேயே உட்காது பட்டுப்போகும். ரோஸ் மூக்கு என்று நாம் கொண்டாடுவதும் அந்த இடத்தில் நிறமி இல்லாததைத்தான்.

வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் நிறமியே இல்லாத நாயைத் தலைமுறை தலைமுறையாகத் தேடித் தேடிச் சேர்த்தால் சீட்டை நமக்கு எதிராக நாமே அடுக்குகிறோம்.

இதை மிக விரிவாக ஆராய்ந்திருப்பது டால்மேஷனில். வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட நாய். அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் சுமார் 30 சதவீத டால்மேஷன்களுக்கு ஒரு காதிலோ இரண்டிலுமோ கேட்கவில்லை. சில குட்டிகளுக்குப் பிறக்கும்போதே காதிலோ கண்ணிலோ பெரிய கறுப்புத் திட்டு இருக்கும். இந்தத் திட்டுள்ள நாய்களிடம் செவிட்டுத்தன்மை தெளிவாகக் குறைவு. நாய்க் கண்காட்சி விதிப்படி திட்டு இருந்தால் அந்த நாய் தகுதி இழக்கும்! காது கேட்கிற நாயை வெளியே அனுப்பிவிட்டு, கேட்காமல் போகும் வாய்ப்பு அதிகமுள்ளதற்கு மெடல். "ஒரு பொட்டு கறுப்பு இருக்கக் கூடாது" என்று மாமா சொன்னது இதைப் படித்தபோதுதான் மறுபடி காதில் விழுந்தது.

இன்னொன்று: தட்டுச் சோதனை இரண்டு காதும் போன குட்டியை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு காது கேட்கிற குட்டி எல்லாவற்றையும் போலவே துள்ளி எழும். நாளைக்கு அதுவே அப்பாவாகி, குறையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். அதைக் கண்டுபிடிக்க, தலையில் மின்முனை பொருத்தி மூளையின் எதிர்வினையைப் பதிவுசெய்யும் 'பேயர்' சோதனை வேண்டும். நம் ஊர்ப் பக்கம் தோப்பு வீட்டு நாய்க்கு யார் அதைச் செய்கிறார்கள்?

நிறம் ஒரு பக்கம், உறவு இன்னொரு பக்கம். மாட்டுக்கு நம்மிடம் பொலிகாளை என்று ஒரு சொல் இருக்கிறது. கோயில் காளை என்ற ஏற்பாடும் இருந்தது. ஊருக்குப் பொதுவாக நேர்ந்துவிட்ட காளை, எந்த வீட்டுப் பசுவுக்கும் போகும். நாய்க்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு இருந்ததாக எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. நாய் எப்போதும் வீட்டுச் சொத்து. கரிசல் பக்கத்துக் கன்னி நாயைப் பற்றி, விற்கக் கூடாது, கொடுக்கத்தான் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கொடுப்பதும் சொந்தபந்தத்துக்குள்தான். ஆக நாய்களின் சம்பந்தமும் மனுஷர்கள் சம்பந்தம் போன வழியிலேயே போயிருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்று சுற்றிச் சுற்றி அதே நாலு வீடு.

சினைக்கு விட்ட ஆணுக்குக் கூலி பணமாகவோ, ஈத்தில் ஒரு குட்டியாகவோ போகும். குட்டி என்றால் ஆண் நாய்க்காரர் முதலில் பொறுக்கிக்கொள்வார், நல்ல வெள்ளையைத்தான் பொறுக்குவார். அது வளர்ந்து அதே வீட்டுப் பெட்டையோடு சேரும். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை, ஆனாலும் வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

எண்ணில் பார்த்தால் உறைக்கும். உறவில்லாத இரண்டு நாய்க்குப் பிறந்த குட்டியில், ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே அப்பா, வேறு அம்மாக்கள் என்ற இரண்டு நாயைச் சேர்த்தால் அது 12.5 சதவீதம். அப்பனையும் மகளையும் சேர்த்தால் 25. மாமா வீட்டு ஈத்து இந்தக் கடைசி ரகம், அதுவும் கிழவனின் அப்பா அம்மா சொந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டால். மறைந்து கிடக்கும் குறைகள் வெளியே வர இது போதும்.

அப்படியானால் வெளியே இருந்து ஒரு நல்ல ஆணைக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன், ஐல் ராயல் கதையைப் படிக்கும்வரை.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஒரு தீவு ஐல் ராயல். 1940-களின் இறுதியில் உறைந்த ஏரி மேல் நடந்தே ஓநாய்கள் அங்கே போய்ச்சேர்ந்தன. 1958 முதல் விஞ்ஞானிகள் அவற்றைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். 1980-ல் 50 ஓநாய்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் சடசடவென்று சரிந்தன. காரணம் பார்வோ வைரஸ். யாரோ ஒரு சுற்றுலாப் பயணி கூட்டிவந்த நாயிடமிருந்து வந்தது. அதற்குப் பிறகு மிஞ்சியவை தங்களுக்குள்ளேயே சேர்ந்து நலிந்துகொண்டிருந்தன. 1997-ல் கனடா பக்கமிருந்து பனி மேல் நடந்து ஓர் ஆண் ஓநாய் வந்தது. உருவத்தில் பெரியது, தீவில் யாருக்கும் சொந்தமில்லை. அதன் குட்டிகள் திடமாக இருந்தன. கதை இங்கே முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் போடலாம்.

வந்தவன் அவ்வளவு வெற்றிகரமாக இருந்ததுதான் வினை. பத்து வருஷம் போல ஆவதற்குள் தீவு ஓநாய்களின் மரபில் பாதிக்கும் மேல் அவனுடையது. அவன் தன் மகளோடே சேர்ந்தான். பேரக்குட்டிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை. 2016-ல் தீவில் மிஞ்சியது இரண்டே ஓநாய்கள். அப்பனும் மகளும், அதோடு ஒரே தாய்க்குப் பிறந்தவை. 2018-ல் ஆரம்பித்து, வெளியே இருந்து புதிய ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: எல்லா லோடையும் ஒரே சர்வரில் ஏற்றுவது. நன்றாக ஓடும்வரை நன்றாக ஓடும்.

ராஜபாளையம் பக்கம் இன்று இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. 2005-ல் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசி இந்தப் பெயரைச் சொன்னார். பிறகு கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் முறையான இனங்களாகப் பதிவு செய்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கேட்பவர்கள் கூடும்போது எல்லோரும் ஓடுவது யூடியூபில் பார்த்த அதே ஒன்றிரண்டு ஆண்களிடம். ஓர் ஆண் வருஷத்துக்குப் பத்துப் பெட்டைக்குப் போனாலே, ஈத்துக்கு ஆறு என்று 60 குட்டி. நாலைந்து வருஷம் கழித்து திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் வெளியூர் சம்பந்தம் என்று நினைத்துச் சேர்க்கும் இரண்டு நாய்க்கும் அப்பா ஒன்றாக இருக்கும். வம்சாவளியை எழுதிவைக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. கென்னல் கிளப்பில் பதிந்தவை இருக்கின்றன, ஆனால் தோப்பு வீட்டு நாய்களில் எத்தனைக்கு அந்தக் காகிதம் உண்டு?

நாயைக் காகிதத்துக்கு வெளியே தேடலாம் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இருந்து போன கொஞ்சம் பசெஞ்சி நாய்களை வைத்தே அமெரிக்கர்கள் அந்த இனத்தைப் பெருக்கினார்கள். சிறுநீரக நோய் பரவியது. கடைசியில் சிலர் காங்கோ கிராமங்களுக்கே போய்ப் புது நாய்களைக் கொண்டுவந்தார்கள். 1990-ல் அமெரிக்கக் கென்னல் கிளப் மூடிவைத்திருந்த பதிவேட்டைத் திறந்து அவற்றைச் சேர்த்துக்கொண்டது. அவர்களாவது கண்டம் தாண்டிப் போகவேண்டியிருந்தது. நமக்குக் காங்கோ கிராமம் என்பது சேத்தூருக்கும் சிவகிரிக்கும் நடுவில் டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது.

மாமாவிடம் இதையெல்லாம் கதையாகச் சொல்லவில்லை. கேட்க மாட்டார். மூன்று கேள்வியை மட்டும் கொடுத்தேன். அதன் அப்பா அம்மா யார் வீட்டு நாய்? அது இதுவரை போட்ட குட்டிகளில் செவிடு உண்டா? நம் கிழவனோடு எந்த வகையிலாவது சொந்தமா? நாலு மாசம் தேடினார். சிவகிரி தாண்டி ஒரு கிராமத்தில் ஆட்டுக்கிடைக்குக் காவலாக இருந்த மூன்று வயசு ஆண் கிடைத்தது. நல்ல உயரம், நெஞ்சாழம், தூரத்தில் விசிலடித்தால் திரும்புகிற காது. ஆனால் இடது காது முழுக்கப் பழுப்பு, மூக்கு பாதி கறுப்பு. போட்டோ அனுப்பிவிட்டு அரை மணி நேரம் மாமா எதுவும் பேசவில்லை. அப்புறம், "அத்த சிரிக்கிறா மாப்ளே, யாரு வீட்டுத் தெருநாயின்னு கேக்குறா" என்றார்.

கூட்டிவந்து நேராகத் தோப்புக்குள் விடக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன், ஐல் ராயல் பயத்தில். மூன்று வாரம் மோட்டார் ரூம் பக்கம் தனியாகக் கட்டி, சாப்பாட்டுச் சட்டி தனி, பார்க்கிற ஆள் கைகால் கழுவிட்டுத்தான் இந்தப் பக்கம். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி. கால்நடை டாக்டரிடம் சொல்லி புரூசெல்லாவுக்கு ரத்தப் பரிசோதனை. சேர்க்கையில் பரவி கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி அது, மனுஷருக்கும் வரும். பலர் இதைச் செய்வதில்லை, ஆண் நாய் ஒவ்வொரு வீடாகப் போய்வந்துகொண்டே இருக்கிறது.

அந்த மூன்று வாரத்தில் சாக்கு மாற்றும் வேலையும் நடந்தது. புதியவன் படுத்த சாக்கைப் பெட்டைகள் பக்கமும், அவை படுத்ததை இவன் பக்கமும் போடுவது. முதல் நாள் பெரிய பெட்டை அந்தச் சாக்கைக் கடித்துக் கிழித்தது. பத்தாம் நாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. ராஜபாளையம் ஒரு கை நாய். வீட்டு ஆளைத் தவிர வேறு யாரையும் லேசில் ஏற்காது, இன்னொரு ஆண் நாயென்றால் கேட்கவே வேண்டாம். அதனால் முதல் சந்திப்பைத் தோப்புக்கு வெளியே, கண்மாய்க் கரையில் வைத்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடம். எதிரெதிராக நிறுத்தாமல், ஆளுக்கொரு கயிறு பிடித்து ஒரே திசையில் நடக்கவிட்டார்கள். பெட்டைகள் ஒவ்வொன்றாக, எதுவும் பருவத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. கிழவனை மட்டும் சேர்க்கவே இல்லை. அவனுக்கு வீட்டு வாசல், புதியவனுக்குத் தோப்பு, நடுவில் கம்பி வேலி. இரண்டும் வேலி ஓரமாக முறைத்துக்கொண்டு நடந்து அடுத்த நாளில் இருந்து அலுத்துவிட்டன.

கிழவனின் மகள்கள் இரண்டும் இப்போதைக்குத் தனி. புதியவனோடு முதலில் சேர்க்கப்போவது மூன்றாவது பெட்டையை. அதற்கு இரண்டு வயசு முடிந்துவிட்டது. 2017 மத்திய விதிப்படி 18 மாதம் ஆகாத பெட்டையைச் சினைப்படுத்தக் கூடாது என்பது மாமாவுக்குத் தெரியாது, ஆனால் "ரெண்டாவது பருவம் தாண்டாம விடக் கூடாது" என்பது தெரியும். இவனை இரண்டு ஈத்துக்கு மேல் இந்த வீட்டில் வைப்பதில்லை, மூன்றாவதற்கு வேறு ஆண் பார்ப்பது என்று பேச்சு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு யார் பிறந்தது, எந்தக் குட்டி எந்த ஊருக்குப் போனது, தட்டுச் சத்தத்துக்கு எழுந்ததா என்று எழுத. முதல் பக்கத்தில் அத்தை கையெழுத்தில் புதியவன் பெயர் இருக்கிறது: பழுப்புக்காது.

பெட்டை மார்கழிவாக்கில் பருவத்துக்கு வரும் என்று கணக்கு. அதிலிருந்து 63 நாள். பழுப்போடு பிறக்கும் குட்டிகளை யார் வாங்குவார்கள் என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சென்னை அப்பார்ட்மெண்டில் எங்கே வைப்பது என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை.